காட்டோரத்து வாசகருக்குச் சில நூல்கள்

(வானொலி இலக்கிய உரைத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்துவடிவம்)



விலங்குகளைப் பற்றிய நல்ல நூலொன்று வேண்டும் என்று நமது பொது நூலகம் எதிலாவது கேட்டுப் பாருங்கள். நூலகர் உங்களைச் சிறுவர் பகுதிக்கே அனுப்பிவைப்பார். அங்கே சிங்கமும் முயலும் கிணற்றோரம் நிற்கும். தந்திர நரி திராட்சைக் கொடியை அண்ணாந்து பார்த்தபடி இருக்கும். விலங்கு என்றால் சிறுவருக்குரியது என்ற எண்ணம் நம்மிடையே அவ்வளவு ஆழமாக வேரோடிவிட்டது. இத்தனைக்கும் பஞ்சதந்திரம், மந்தபுத்தியுள்ள அரசிளங்குமரர் மூவருக்கு ஆட்சி நீதி புகட்டும் பொருட்டுச் சொல்லப்பட்டதாகவே தன்னை அறிமுகப்படுத்திக் கொள்கிறது. நட்பைப் பிரிப்பது எப்படி, பகைவனோடு எப்போது சமாதானம் செய்வது என்றெல்லாம் கற்பிக்கும் அந்த நூலைப் பாலர் வகுப்புக்கு ஒதுக்கிவிட்டு, வளர்ந்தோராகிய நாம் வேறு வேலை பார்க்கப் போய்விட்டோம்.

இன்றைய உரையில் வளர்ந்தோர் வாசிக்கத்தக்க சில விலங்கு நூல்களைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். தெரிவு என்னுடையது. நான் வாழும் இடமும் இத்தெரிவில் குறுக்கிட்டிருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நான் இருப்பது லக்கல. மாத்தளையிலிருந்து றத்தோட்டை வழியாக வளைந்து வளைந்து ஏறி, றிவஸ்டன் கணவாயின் மூடுபனியைக் கடந்து, பிட்டவல பத்தனைப் புல்வெளியைத் தாண்டி இறங்கினால் வரும் பிரதேசம். நக்கிள்ஸ் மலைத்தொடர் எங்களுக்குத் தலைமாட்டில் இருக்கிறது. 1984 இல் பிரகடனம் செய்யப்பட்ட வஸ்கமுவ தேசிய வனம் கால்மாட்டில் இருக்கிறது. 2018 இல் களு கங்கை நீர்த்தேக்கம் நிரப்பப்பட்டபோது பழைய லக்கல நகரம் நீருக்குள் போயிற்று. மக்கள் புதிய இடங்களுக்குப் பெயர்ந்தார்கள். யானைகளுக்கு யாரும் புதிய முகவரி கொடுக்கவில்லை. இங்கே விலங்கு என்பது பொழுதுபோக்கு வாசிப்புக்குரிய விடயம் அன்று. இரவு பத்து மணிக்குப் பின் வீட்டு வாசலுக்கு வருவதா விடுவதா என்பதைத் தீர்மானிக்கும் விடயம்.

முதலில் மிகப் பழைய நூலொன்று. ஆங்கிலேய மாலுமியான றொபேட் நொக்ஸ் 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்தவர். அவர் எழுதிய இலங்கை வரலாற்று நூல் 1681 இல் லண்டனில் வெளியாயிற்று. அரசன், நீதி, சாதி, உணவு என்று எல்லாவற்றையும் சொல்லும் அந்நூலில் விலங்குகளுக்கும் பூச்சிகளுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. யானையைப் பற்றி எழுதாத வெள்ளையர் எவருமில்லை. அது பெரிய காரியமன்று. நொக்ஸ் எறும்புகளை வகை பிரித்து எழுதினார். எது மரத்தில் கூடு கட்டும், எது கடிக்கும், எதன் கடி எப்படி எரியும் என்றெல்லாம் சொன்னார். மழைக்காலத்துக் காட்டு அட்டை காலில் ஏறுவதையும் சொன்னார். பத்தொன்பது ஆண்டுகள் வெறுங்காலோடு இந்த மண்ணில் நடந்த மனிதனுக்குத்தான் எறும்பு அவ்வளவு பெரிதாகத் தெரியும். குதிரைமேல் இருந்து பார்த்தவர்கள் எழுதிய நூல்களில் எறும்பைத் தேடினால் கிடைக்காது.

அடுத்தவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர். 1861 இல் அவர் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாறு பற்றிய நூலுக்கும் எங்கள் மலைக்கும் ஒரு தனித்த உறவுண்டு. நக்கிள்ஸ் காடுகளிலே ஓர் ஓணான் வாழ்கிறது. மூக்கின் நுனியில் சிறு இலையொன்றை ஒட்டவைத்தாற்போல் சதை நீண்டிருக்கும். பச்சை நிறமும் நிதானமும் சேர்ந்து, அசையாமல் நின்றால் ஏலக்காய்ச் செடியில் ஒரு தளிர் என்றே எண்ணத் தோன்றும். உலகில் வேறெங்கும் அது இல்லை. அந்த ஓணானை அறிவுலகுக்கு முதன்முதலில் விவரித்தது டெனன்டின் இந்நூலே. விஞ்ஞானப் பெயரிலும் டெனன்டின் பெயர்தான் ஒட்டியிருக்கிறது. மரத்தில் அமர்ந்திருக்கும் அப்பிராணிக்கு இந்தச் சங்கதி தெரியாது. எங்களூர்ப் பிள்ளைகளிலும் பலருக்குத் தெரியாது.

டெனன்டை நான் பரிந்துரைப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. அவர் கணக்கு எழுதும் அதிகாரி. மேஜர் றொஜேர்ஸ் என்பவர் தனியொருவராக 1,400 க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றார் என்று நமக்குச் சொல்பவர் டெனன்டே. 1848 க்கு முன் மூன்று ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகள் கொல்லப்பட்டு, அவற்றுக்கு அரசாங்கம் தலைக்குச் சில சிலிங் வெகுமதி கொடுத்தது என்ற கணக்கும் அந்நூலில் இருக்கிறது. யானையைச் சுடுவதைப் பெருந்திறமை என்று கொண்டாட அவருக்கு மனம் வரவில்லை. அதே காலத்தில் நுவரெலியாவில் குடியேறியிருந்த சாமுவேல் பேக்கர் வேட்டைத் துப்பாக்கியையும் நாயையும் தலைப்பாக வைத்து எழுதிய நூல், இதற்கு நேர் எதிரான உற்சாகத்தில் எழுதப்பட்டது. பேக்கரின் நடை விறுவிறுப்பானது, இன்றும் சலிக்காது. ஆயினும் இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். பேக்கரை மாத்திரம் வாசிப்பவர் காட்டை ஒரு மைதானமாக எண்ணிவிடக் கூடும்.

இந்த இடத்தில் ஒரு சம்பாஷணையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். முன்னர் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்தவர். இப்போது காய்கறி பயிரிடுகிறார். வாசிப்புப் பழக்கம் உள்ளவர். பத்திரிகையின் ஞாயிறு இதழை என்னிடம் வாங்கிப் படித்துவிட்டு மடிப்புக் கலையாமல் திருப்பித் தருவார். யானைகளைப் பற்றி ஒரு கூட்டத்தில் நான் பேசியதைக் கேட்டுவிட்டு, பின்பு தனியே வந்து கேட்டார்: "மாஸ்டர், யானையப் பத்தி இவ்வளவு அழகா எழுதினவங்க யாராச்சும் ஒரு ராத்திரியாவது பயிருக்குக் காவல் இருந்திருக்காங்களா?"

அவருடைய அயலவர் ஒருவர் யானை தாக்கி இறந்து அப்போது ஆறு மாதமும் ஆகியிருக்கவில்லை. அண்மைய ஆண்டுகளில் இந்நாட்டில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 400 யானைகள் இறக்கின்றன. யானைகளால் இறக்கும் மனிதர் தொகையும் ஆண்டுக்கு நூறைத் தாண்டுகிறது. இந்த எண்களுக்கு நடுவே நின்று அவர் கேட்ட கேள்வி அது. அதைக் கேட்ட நாள் முதல், விலங்கு நூல் எதை எடுத்தாலும் இந்தக் கேள்வியை அதன்மீது போட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. செலவு யாருடையது? எழுதியவருடையதா, பயிரிட்டவருடையதா, விலங்கினுடையதா?

இந்தக் கேள்விக்கு நேராக நிற்கக்கூடிய நூல் ஜிம் கோர்பெட்டின் குமாயுன் ஆட்கொல்லிகள் பற்றியது. 1944 இல் வந்தது. தமிழில் தி. ஜ. ர. 'குமாயுன் புலிகள்' என்ற பெயரில் மொழிபெயர்த்திருக்கிறார். தெளிந்த நீர் போன்ற தமிழ். கோர்பெட் வேட்டைக்காரர்தாம். ஆனால் அவர் சுடப் போகும் முன்னர் ஊருக்குள் போகிறார். கதவைச் சாத்திக்கொண்டு நாட்கணக்காக வெளியே வராமல் இருக்கும் மனிதர்களைப் பார்க்கிறார். அறுவடை செய்யப்படாமல் நிற்கும் வயலைப் பார்க்கிறார். 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியை 1907 இல் சுட்டு வீழ்த்திய பின்னர் அதன் வாயைத் திறந்து பார்க்கிறார். வலப்புறத்துக் கோரைப் பற்கள் உடைந்திருக்கின்றன. முன்பு யாரோ சுட்ட குண்டின் வேலை அது. வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமற்போன விலங்கு மனிதனிடம் வந்திருக்கிறது. கொல்லப்பட்ட பெண்ணுக்காகவும் கொன்ற புலிக்காகவும் ஒரே மனிதர் துக்கப்படுவதை அந்நூலிலே காணலாம். பயிர்க்காவல் இருப்பவரிடம் நான் தயக்கமின்றிக் கொடுத்த நூல் இதுவே. இரண்டே நாளில் முடித்துவிட்டு, "இவர் நம்ம ஆளு" என்றார்.

யானைக்கு வருவோம். ஜெயமோகனின் 'யானை டாக்டர்' 2011 இல் வெளியான கதை. தமிழ்நாட்டு வனத்துறையில் மிருக வைத்தியராகப் பணியாற்றி 2002 இல் மறைந்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி அவர்களின் வாழ்வை அடியாகக் கொண்டது. அழுகிய யானை உடலின் மேலேறி நின்று பிரேத பரிசோதனை செய்யும் மனிதர், புழுக்களையும் அருவருப்பின்றிப் பார்க்கக் கற்பிக்கும் பகுதி தமிழ்ப் புனைகதையில் அரியது. உல்லாசப் பயணிகள் காட்டில் எறிந்துவிட்டுப் போகும் பியர் போத்தல் யானையின் பாதத்தில் ஏறி அழுகச் செய்வதையும் அக்கதை சொல்கிறது. வார இறுதியில் றிவஸ்டன் பக்கம் வந்து பாருங்கள். காற்றை வாங்க வருவோர் எதை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று தெரியும். கதை சற்று உரத்த குரலில் பேசுகிறது என்பது என் அபிப்பிராயம். சில இடங்களில் கதாநாயகரை இவ்வளவு உயரத்தில் ஏற்றியிருக்க வேண்டியதில்லை. எனினும் இதைப் படித்துவிட்டுக் காட்டுக்குப் போகிறவர் போத்தலை எறிய மாட்டார். ஓர் இலக்கியப் படைப்பினால் இவ்வளவு நேரடியான பயன் விளைவது எப்போதும் நடப்பதில்லை.

நம் நாட்டுப் புனைகதைக்குத் திரும்பினால், லெனாட் வுல்ப் 1913 இல் எழுதிய காட்டுக் கிராமத்து நாவல் இருக்கிறது. அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த அனுபவத்தில் எழுதியது. அதிலே வரும் சிலிந்து என்ற வேட்டைக்காரன் விலங்குகளின் மனத்தை அறிந்தவன். மனிதரின் சட்டத்தை அறியாதவன். கடன், கச்சேரி, வழக்கு என்று மனிதர் அவனைச் சுற்றி வளைக்கும்போது அவன் வளைத்துக் கொள்ளப்பட்ட விலங்கைப் போலவே நடந்துகொள்கிறான். காட்டை அழகென்று வுல்ப் ஓரிடத்திலும் சொல்லவில்லை. காட்டில் தாகமும் பயமும் பசியும் இருக்கின்றன. பயிர்க்காவல்காரரின் கேள்விக்கு இந்த அதிகாரியும் ஒருவகையில் தப்பிவிடுகிறார்.

அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973 இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. வன்னியின் தண்ணிமுறிப்புக் காட்டோரம். நிலத்தில் பொந்தில் வாழும், உயரப் பறக்கத் தெரியாத, எளிதிற் பிடிபட்டுவிடும் ஒரு பறவையின் பெயரைக் கதாநாயகி பதஞ்சலிக்கு உவமையாக்கிய நாவல். இதை விலங்கு நூல் என்று சேர்க்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். சேர்க்கலாம் என்பதே என் கட்சி. அந்தப் பறவையைக் கண்ணால் காணாத ஒருவரால் அந்தப் பெண்ணையும் அப்படிப் படைத்திருக்க முடியாது. மாறாக, 'விலங்குப் பண்ணை' போன்ற நூலை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. உயர்ந்த நூல்தான், ஆனால் அதில் வரும் பன்றிகள் பன்றிகளல்லவே.

இவ்விடத்தில் தமிழரின் மிகப் பழைய செல்வமொன்றையும் நினைவூட்ட வேண்டும். சங்கப் பாடல்களின் குறிஞ்சித் திணையில் தினைப்புனம் காத்தல் என்பது காதலுக்குக் களம் மாத்திரமன்று. பரண் கட்டி, தட்டை தட்டி, கவண் வீசி, பகலில் கிளியையும் இரவில் பன்றியையும் யானையையும் விரட்டிய மனிதரின் வாழ்க்கை அது. எங்கள் பகுதிச் சேனைகளில் சிங்கள விவசாயிகள் இரவிற் காவற்குடிலில் இருந்துகொண்டு பாடும் பாடல்களைப் 'பெல் கவி' என்பர். தூக்கத்தைக் கலைக்கவும் தனிமையைப் போக்கவும் விலங்குக்குத் தன் இருப்பை அறிவிக்கவும் பாடுவது. ஒரு பரணில் இருந்து பாடினால் அடுத்த பரணில் இருந்து பதில் வரும். குறிஞ்சிப் பாடல் படித்த தமிழ் வாசகர் இதைக் கேட்டால் அந்நியமாக உணரமாட்டார். பயிர்க்காவல் இருந்தவர்களே விலங்கைப் பற்றி ஆக்கிய இலக்கியம் எது என்று கேட்டால், இவ்விரண்டையும்தான் நான் காட்டுவேன். மின்வேலியும் யானைவெடியும் வந்த பின்னர் பெல் கவி பாடுவோர் தொகை குறைந்துவருகிறது. அவற்றைத் தமிழில் பெயர்த்துத் தர யாரேனும் முன்வந்தால் லக்கலயில் தங்குவதற்கு என் வீட்டில் இடமுண்டு.

எல்லாம் யானையும் புலியுமாகப் போய்விட்டன. பெரிய விலங்குகள் பேச்சையும் பெரிதாக்கிவிடுகின்றன. அதற்கு மாற்று மருந்தாக மா. கிருஷ்ணனைச் சொல்வேன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மைந்தர். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் 1996 இல் தாம் மறையும் வரை, நாற்பத்தாறு ஆண்டுகள் ஒரு பத்தியை எழுதிவந்தவர். தமிழிலும் எழுதினார். அக்கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் வந்திருக்கிறது. கிருஷ்ணனுக்குக் காடு தேவையில்லை. வீட்டுக்கூரை, கிணற்றடி, வேலியோரம் போதும். காகத்தையும் அணிலையும் ஓணானையும் இவ்வளவு கூர்மையாகவும் குறும்பாகவும் பார்த்து எழுதிய தமிழ் உரைநடை வேறில்லை. பிட்டவல பத்தனையின் ஈரப் பாறைகளில் ஒரு சிறு தவளையினம் வாழ்கிறது, நக்கிள்ஸுக்கே உரியது. அதன் தலைப்பிரட்டைகள் குளத்தில் நீந்தாமல், நீர் கசியும் பாறை முகத்தில் ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. அந்தப் பாறையில் கால் வைத்துப் படம் பிடித்துப் போகிறவர்கள் தினமும் பலர். கிருஷ்ணனைப் படித்த ஒருவர் அவ்விடத்தில் குனிந்து பார்ப்பார் என்று நம்புகிறேன். தியடோர் பாஸ்கரனின் சொந்தக் கட்டுரைத் தொகுதியான 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக' என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்கலாம்.

வீட்டு விலங்குகளின் பக்கம் இரண்டு நூல்கள். சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்', சிறிய நாவல். சல்லிக்கட்டுக் களத்தின் ஒரு பிற்பகலில் முடிந்துவிடுகிறது. தந்தையைக் கொன்ற ஜமீன் காளையான காரியை அடக்க வரும் மகனின் கதை. மனிதருக்கு அது மானப் பிரச்சினை, காளைக்கு உயிர்ப் பிரச்சினை என்பதைச் செல்லப்பா ஒரு சொல்கூட அதிகமாகச் சொல்லாமல் காட்டிவிடுகிறார். மற்றையது பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'. 2016 இல் வந்தது. எழுதியதற்காகத் துன்புறுத்தப்பட்டு, எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்து மௌனமானவர், நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் திரும்பி வந்து எழுதிய நாவல். மனிதரைப் பற்றி எழுதப் பயமாக இருக்கிறது, எனவே ஆட்டைப் பற்றி எழுதுகிறேன் என்ற பொருள்பட முன்னுரையில் சொல்கிறார். ஆட்டுக்குட்டிக்கும் காது குத்தி இலக்கம் இடும் அரசாங்கம், பஞ்சம், கிழவன் கிழவியின் பாசம் என்று விரிகிறது. பயந்து எழுதியது என்று சொல்லப்பட்ட நூலில் இவ்வளவு துணிச்சல் இருப்பது வியப்புக்குரியது.

மொழிபெயர்ப்புகளில் ஒன்றே ஒன்று. சீன எழுத்தாளர் ஜியாங் ரோங் 2004 இல் வெளியிட்ட நாவலை சி. மோகன் 'ஓநாய் குலச்சின்னம்' என்று தமிழாக்கியிருக்கிறார். பருமனான நூல், ஆனால் பனிவெளியில் ஓநாய்கள் வேட்டையாடும் பகுதிகளை வாசிக்கத் தொடங்கினால் சோறு ஆறிப்போகும். மொங்கோலிய மேய்ச்சல் நிலத்து முதியவர்கள் ஓநாயைப் பகைவராகவும் கருதினர், நிலத்தின் காவலராகவும் கருதினர். வெளியிலிருந்து வந்தோர் ஓநாயை ஒழித்தனர். எலியும் முயலும் பெருகின, புல் போயிற்று, மண் பறந்தது. காட்டுப்பன்றி பெருகிவிட்டது என்று அங்கலாய்க்கும் எங்களூரவர், அதே மூச்சில் சிறுத்தையைக் கண்டால் கண்ணி வைக்கவும் சொல்கிறார்கள். அவர்களுக்கு இந்நூலின் கதையை நான் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறேன். கேட்டுவிட்டுச் சிலர் சிரித்தார்கள். ஒருவர் மாத்திரம் அந்த ஓநாய்க் குட்டிக்குப் பின்பு என்ன நடந்தது என்று அடுத்த நாளும் வந்து கேட்டார்.

நேரம் முடிகிறது. பயன்பாட்டுக்குரிய ஒரு வார்த்தை. நொக்ஸ், டெனன்ட், பேக்கர் மூவரும் காலத்தால் முந்தியவர்கள். அவர்களுடைய நூல்களை இணையத்தில் கட்டணமின்றி வாசிக்கலாம். 'யானை டாக்டர்' கதையும் அவ்வாறே கிடைக்கிறது. ஏனையவற்றுக்குக் கொழும்பிலோ கண்டியிலோ உள்ள புத்தகசாலைகளில் சொல்லிவைக்க வேண்டியிருக்கும்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்போருக்கு, இன்னும் பெயர் சொல்லாத ஒரு நூலைச் சொல்வேன். வைக்கம் முகம்மது பஷீரின் 'பாத்துமாவின் ஆடு'. தமிழிலும் கிடைக்கிறது. நெருக்கடி மிகுந்த வீடு, கையில் காசில்லாத எழுத்தாளர், வீடெங்கும் தன் உரிமை போலச் சுற்றித் திரியும் தங்கையின் ஆடு. அது இலையைத் தின்னும், துணியைத் தின்னும். ஒருநாள் எழுத்தாளரின் 'பால்யகால சகி' என்ற நூலையும் 'சப்தங்கள்' என்ற நூலையும் தின்றுவிடுகிறது. அவர் ஆட்டை அடிக்கவில்லை. தம்முடைய மற்ற நூல்களையும் அதற்குக் கொண்டுவந்து கொடுக்கலாமா என்று யோசிக்கிறார்.